இருபத்திரண்டாவது ஆள்

“இருபத்தி ஒண்ணுதானுங்க சார் வருது. ஒருத்தரு குறையறாரு.”

மூன்றாம் முறையாக எண்ணிவிட்டுச் சொன்னாள் விமலாராணி. அவள் கையில் காலை வருகைப் பதிவேடு. அதில் இருபத்திரண்டு கையெழுத்து. சிங்காநல்லூர் கல்லூரி விடுதியின் வேப்பமரத்தடியில் நின்றதோ அவளையும் சேர்த்து இருபத்தொரு பேர்.

சங்கச் செயலாளர் குமாரசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மில்லில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“ஆறு நிமிசம் ஆச்சுங்க அம்மணி. பத்து தாண்டுனா சர்ட்டிபிகேட் கிடையாதுங்க.”

கட்டடப் பராமரிப்பாளர் சங்கம் என்று பெயர்தான் பெரிது. மில்லிலும் ஆஸ்பத்திரியிலும் கல்லூரியிலும் தண்ணீர்த் தொட்டி, லிப்ட், ஜெனரேட்டர் என்று ஓடிக்கொண்டே இருக்கிறவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். ஒருவர் தனக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பார். வருடத்துக்கு ஒரு தடவை தீ விபத்துப் பயிற்சி. ஈரச் சாக்கைக் கொளுத்திப் புகை போட்டு விசில் ஊதினால், மூன்று மாடியிலிருந்தும் எல்லோரும் இறங்கி மரத்தடிக்கு வந்துவிட வேண்டும். ஆள் எண்ணி, ‘அனைவரும் வெளியே’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர் வேலை. தொண்ணூற்றேழில் அது விமலாராணி.

அவளுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்களை எட்டு வருடம் மேய்த்தாயிற்று. சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினால் பராமரிப்பு சூப்பர்வைசர் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். வெறுங்கையோடு போனால் மறுபடி பினாயில் வாளிதான்.

பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். பதினேழாவது பெயருக்குப் பதில் இல்லை.

“கந்தப்பன்! ஏனுங்க, கந்தப்பன்ங்கறது யாருங்க?”

எல்லோரும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். குமாரசாமிதான் பேசினார்.

“அவனை நான் வெளியில பாத்தேனுங்க. எழுதிப்போடுங்க.”

“முகத்தைப் பாத்தீங்களா சார்?”

“முதுகைப் பாத்தேன். காக்கிச் சட்டை.”

“இங்க பாதிப் பேரு காக்கிச் சட்டைதானுங்களே!”

அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஏசுவடியான் தொண்டையைச் செருமினார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவர், போன வருடம் சங்கத்தில் சேர்ந்தவர்.

“விடுங்க சிஸ்டர். டீக்கடைக்குப் போயிருப்பாரு. தக்காளிச் சோறு ஆறிப்போகுதுங்க.”

சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்னங்கண்ணா பேச்சு இது? மனுசன் மூச்சு முட்டி உள்ள கெடந்தா?”

“எட்டு நிமிசம்” என்றார் குமாரசாமி.

விமலாராணி பேனாவைத் திறந்தாள். ஒரே ஒரு வரி, ஒரு கையெழுத்து. செயலாளரே பார்த்தேன் என்கிறார். அவ்வளவு பெரிய மனிதர் பொய்யா சொல்லப் போகிறார்? ஊருக்கெல்லாம் இல்லாத கவலை இவளுக்கு மட்டும் எதற்கு? ‘அனைவரும்’ என்று எழுதியும்விட்டாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

பதிவேட்டை ஏசுவடியான் கையில் திணித்தாள். வாளித் தண்ணீரில் முந்தானையை நனைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“கந்தப்பன் சார்! இருக்கீங்களா?”

அறை அறையாகப் பார்த்தாள். குளியலறைக் கதவுகளைத் தட்டினாள். கட்டில்களுக்கு அடியில் குனிந்தாள். ஜெனரேட்டர் அறை, மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்பக்கம் என்று ஓரிடம் விடவில்லை. எங்கும் ஆள் இல்லை.

வெளியே வந்தபோது கால் மணி நேரம் ஓடியிருந்தது. இருமலோடு இருமலாகக் கத்தினாள்.

“ஆளைக் காணோமுங்க! காங்கற வரைக்கும் நான் எழுத மாட்டேன். தீயணைப்பு ஆபீசுக்குப் போன் போடுங்க. சர்ட்டிபிகேட் போனாப் போவுது! இத்தன பேரு நிக்கறீங்க, ஒருத்தருக்காச்சும் பதறுதுங்களா? சோறு ஆறுதாம் சோறு!”

ஒருவருக்கும் கோபம் வரவில்லை. ஏசுவடியான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“போன வருசம் நான்தானுங்க எண்ணுனேன். சார் சொன்னதக் கேட்டு எழுதிப்போட்டேன் சிஸ்டர்.”

விமலாராணிக்கு ஒன்றும் புரியவில்லை. குமாரசாமி பையிலிருந்து சான்றிதழை எடுத்தார். அதில் அவள் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“தேட வேண்டாமுங்க அம்மணி. அந்தப் பதினேழாவது கையெழுத்து வருசா வருசம் நான் போடறதுங்க.”

“அப்ப... கந்தப்பன்?”

“என்கூட ஒரே சைக்கிள்ல மில்லுக்கு வந்தவன், இப்ப இல்லீங்க. ஆறு வருசத்துக்கு முந்தி பஞ்சுக் குடோன்ல தீப் புடிச்சப்ப, கந்தப்பனைக் காணோம், உள்ள போய்ப் பாக்கறேன்னு ஆள் எண்ணுனவன் கெளம்புனான். எவனோ ஒருத்தனோட காக்கிச் சட்டை முதுகைப் பாத்துப்போட்டு, ‘கந்தப்பனை வெளியில பாத்தேன், எழுதிப்போடு’ன்னு அவன்கிட்டச் சொன்னது நானுங்க.”