உதவி.ரத்தம்

"இவ்ளோ அழுத்தம் ஆகாதும்மா ஒரு மனுஷனுக்கு!"

கார் கேம்ப் ரோட்டைத் தாண்டுவதற்குள் மோகன்ராஜ் ஆரம்பித்துவிட்டார். செருப்பை மாட்டும்போதே ஆரம்பித்திருப்பார்; துக்க வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

பக்கத்தில் அவரோடு ஆபீசில் வேலை பார்க்கும் சுப்ரஜா உட்கார்ந்திருந்தாள். அதே ஆபீசில் இருக்கும் அசரியாவின் சேலையூர் வீட்டில் பார்த்த அந்தச் சின்னப் பெண் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. அம்மா போட்டோவுக்குப் போட்ட மாலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது குழந்தை.

"பிளஸ்ஸிக்கு என்ன வயசு இருக்கும்? சாகிற வயசா அது? கர்ப்பப்பை ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் கிடைக்கலேன்னு தள்ளித் தள்ளிப் போட்டிருக்காங்க. அதுக்குள்ள ரத்தப்போக்கு வந்து உயிரே போயிடுச்சு. ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டானா இந்த அசரியா?"

"நைட் ஷிப்ட் சார் அவர். நம்மள யாரையும் பார்க்கிறதே இல்ல."

"அதுக்குத்தானே குரூப் வெச்சிருக்கேன்!"

அந்தப் பெருமை அவருக்கு உண்டு. அவர்களுடைய நாவலூர் ஆபீசில் போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். வாட்ஸப் மூச்சே கூடாது. அதனால் ஆபீசுக்குள்ளேயே ஒரு நியூஸ் சர்வர்; எழுதிப் போட்டால் எல்லோர் கம்ப்யூட்டரிலும் தெரியும் அறிவிப்புப் பலகை மாதிரி. மோகன்ராஜ்தான் அதற்கு அட்மின். 'உதவி' என்று ஒரு தலைப்பு, அதற்கடியில் உதவி.வீடு, உதவி.வண்டி, உதவி.ரத்தம் என்று கிளை கிளையாகக் குரூப்புகள். எல்லாம் அவரே உட்கார்ந்து பிரித்துப் போட்டது.

கூடவே ஒரு சட்டமும் போட்டிருந்தார். உதவி வேண்டுமென்றால் குரூப்பில்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு சீட்டாகப் போய் யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது. அப்படிப் போன ஒருவனுக்கு மெமோ வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான்.

"ஒரே ஒரு வரி தட்டியிருந்தா போதும்மா. இதைப் பாரு!"

கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைத் திருப்பிக் காட்டினார்.

"ஓ நெகட்டிவ்! நானே! இதோ, பக்கத்துல சானடோரியம் ஏரியாவுலதான் குடியிருக்கேன். ஓடிப் போய்க் கொடுத்துட்டு வந்திருப்பேனே! வயிறு எரியுது."

சொன்னதில் நடிப்பில்லை, பாவம்.

"ஏன் சொல்லலேன்னு நீங்க அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே சார்?"

"கேட்கத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்களையெல்லாம் மறக்கவே மாட்டேன் சார்'ங்கிறான். எதுக்கு? வந்து ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து எழுந்ததுக்கா? கௌரவம்மா, கௌரவம்! பொண்டாட்டி உயிரைவிட அது பெரிசாப் போச்சு அவனுக்கு."

மேடவாக்கம் சிக்னலிலும் அடங்கவில்லை. ஆபீசில் சீட்டில் உட்கார்ந்தும் அடங்கவில்லை.

"முதல் வேலையா அந்த ரத்த குரூப்பைத் தூக்கிடறேன்."

"ஐயோ, ஏன் சார்?"

"தீபாவளிக்கு அப்புறம் அதுல ஒரு போஸ்ட் வரலம்மா. வாயத் திறந்து கேட்கத் துப்பில்லாத ஜனத்துக்கு எதுக்கு குரூப்பு?"

கீபோர்டைக் குத்தினார். நீக்குவதற்கு முன்னால் சர்வர் அந்தக் குரூப்பின் விவரத்தைக் காட்டி, நிச்சயமா என்று கேட்டது.

சுப்ரஜா எட்டிப் பார்த்தாள். "சார், மாடரேட்டர்னு இன்னும் பத்ரிநாராயணன் சார் பேரே இருக்கு. அவர் தீபாவளியோட வேலையை விட்டுட்டாரே?"

மோகன்ராஜின் விரல் அப்படியே நின்றது.

உதவி.ரத்தத்தில் எழுதுவது நேராக வெளியே வராது. வெட்டி அரட்டை நுழையக் கூடாதென்று அவரே செய்த ஏற்பாடு அது. முதலில் மாடரேட்டரான பத்ரிநாராயணனுக்குப் போகும். அவர் படித்துவிட்டுச் சரி என்றால்தான் மற்றவர் கண்ணில் படும். எழுதியவருக்கு, 'உங்கள் கோரிக்கை கவனிக்கப்படுகிறது' என்று ஒரு பதில் மட்டும் தானாகப் போகும்.

வேலையை விட்ட அன்று, கேக் வெட்டும்போதே பத்ரி சொன்னார்: "ரத்த குரூப்புக்கு வேற ஆளைப் போட்டுடுங்க மோகன், மறந்துடாதீங்க."

"பார்த்துக்கறேன் சார்" என்றார் இவர், வாய் நிறையக் கேக்கோடு.

பத்ரியின் மெயில் பெட்டியை இப்போதுதான் திறந்தார். யாரும் தொடாமல் கிடந்தது. திரும்பத் திரும்ப ஒரே பெயர்.

"அவசரம். என் மனைவி பிளஸ்ஸியின் ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. அசரியா, நைட் ஷிப்ட்."

"மறுபடியும் கேட்பதற்கு மன்னிக்கவும். ரத்தம் கிடைக்காததால் ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள்."

"யாராவது இருந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். நானே வந்து அழைத்துப் போகிறேன்."

"சார்... அவர் கேட்டிருக்கார் சார்" என்றாள் சுப்ரஜா.

மோகன்ராஜ் ஐடி கார்டைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.

கடைசியாக இன்னொன்று இருந்தது. நேற்று வந்தது. லீவு எழுதிக் கொடுக்க ஆபீசுக்கு வந்தபோது எழுதியிருக்க வேண்டும். அதுவும் அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"இனி ரத்தம் தேவையில்லை. 'கவனிக்கப்படுகிறது' என்று பதில் வந்தபோதெல்லாம், எங்களுக்காக யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பிளஸ்ஸியிடம் சொல்வேன். கடைசிவரை அந்தத் தைரியத்தில்தான் இருந்தாள். அலைந்த எல்லோருக்கும் நன்றி. கேட்பதற்கு இப்படி ஓர் இடம் வைத்துக் கொடுத்த மோகன்ராஜ் சாரை நானும் என் மகளும் மறக்கவே மாட்டோம்."