விட்ட பிடி

ஒரு துறைமுகத்தில், பெரிய கப்பல்களுக்குத் திரவ எரிவாயு ஊட்டும் படகு ஒன்று இருந்தது. ஊட்டும் வேலை அதன் நீளக் குழாயுடையது. பனிக்கட்டியே நடுங்கும் அந்தக் குளிர்ந்த எரிவாயுவை ஒரு சொட்டுச் சிந்தாமல் அனுப்புவதில் குழாய்க்குப் பெருமை. தன் நடுவில் பூட்டியிருந்த இரும்பு இணைப்பைக் கண்டால் மட்டும் அதற்கு ஆகாது.

"பலமா இழுத்தா விட்டுடுவியாமே? நீயெல்லாம் ஒரு பிடியா?" என்று குத்திக் காட்டும்.

"அதுக்குத்தான் அக்கா என்னை வச்சிருக்காங்க," என்று இணைப்பு அடங்கிப்போகும்.

ஒரு நாள், ஒரு கப்பலுக்குப் பாதி வயிறு நிறைந்திருந்தபோது காற்று சீறியது. கட்டியிருந்த கயிறுகள் அறுந்தன. கப்பல் விலகிப் போகப் போகக் குழாய் நரம்பாய் விறைத்தது. இன்னும் ஒரு சாண் போனால் கிழிந்துவிடும். கிழிந்தால் ஒரு பொறி போதும், படகும் கப்பலும் சாம்பல். அப்போதும் குழாய் இணைப்பிடம், "பாதியில விடாதேடா!" என்றே கதறியது.

இணைப்பு விட்டது. இரண்டாய்ப் பிரிந்த கணமே தன் இரு வாயையும் இறுக மூடிக்கொண்டது. கொஞ்சம் வெண்புகை எழுந்து காற்றில் கரைந்தது. தன் மேல் ஒரு கீறல்கூட இல்லை என்பது குழாய்க்கு மெதுவாகத்தான் உறைத்தது.

காற்று ஓய்ந்தது. ஆட்கள் கப்பலை இழுத்து வந்து கட்டி, இணைப்பைச் சோதித்து மறுபடி பூட்டினார்கள்.

"அம்மா, பசி உயிர் போகுது. சீக்கிரம் ஊட்டு!" என்றது கப்பல்.

"கொஞ்சம் இருப்பா," என்றது குழாய். "எங்க தம்பியை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."