அப்படியேதான் சொன்னாங்க

பலகையில் இருந்த மேற்கோள் குறிகளை டீச்சர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய அப்பா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

வீட்டின் முன்னறையில் வருஷக்கணக்காக டியூஷன் நடக்கிறது. அவர் ஒருநாளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அம்மா இறந்துபோன பிறகு இன்றுதான் முதல் வகுப்பு. வேலைக்கான பரீட்சை எழுதப்போகும் பெண்கள் நாலைந்து பேர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பாடம், டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றுவது. ஒருத்தி ‘ஐ’ என்று சொன்னதை ‘ஷீ’ என்று எழுத வேண்டும். ‘டுமாரோ’ என்பது ‘த நெக்ஸ்ட் டே’ ஆகிவிடும். கூப்பிட்ட பெயர், ஐயோ, அடடா எல்லாவற்றையும் கழித்துக்கட்ட வேண்டும்.

“கூப்பிடுறது, கத்துறது எல்லாம் போகட்டும். விஷயம் போய்ச் சேர்ந்தா போதும்,” என்று முடித்தாள் டீச்சர்.

இதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு இதுதான் உத்தியோகம்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டுக்குள் பேச்சை நிறுத்தியவர்கள். என்ன சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இருவருக்குமே உண்மைக் காரணம் மறந்துபோயிருக்கும். வீம்பை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். நடுவில் இவள்தான் ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடையாய் நடந்தாள்.

அந்தச் செவிட்டு மனுஷனை டிவியைக் குறைக்கச் சொல்லு என்று அம்மா கத்துவாள். ஹாலுக்கு வந்து சேர்வதற்குள் அது, அம்மாவுக்குத் தலைவலியாம், சத்தம் கொஞ்சம் குறைந்தால் தேவலையாம் என்று ஆகிவிடும். உப்பை இப்படி அள்ளிக் கொட்டியிருக்கிறாளே, நாக்கு செத்துப்போச்சா என்று அப்பா பொங்குவார். சமையலறைக்குப் போகும்போது, இன்றைக்கு உப்பு ஒரு கல் கூடுதலாம், அவ்வளவுதான்.

“அவளா அப்படிச் சொன்னா?” என்று அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

“சத்தியமாப்பா. அப்படியேதான் சொன்னாங்க,” என்பாள் இவள், கொஞ்சமும் கூசாமல்.

மனிதர் ஒரு தடவைகூட நம்பியதில்லை. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டே டிவியைக் குறைப்பார்.

வகுப்பு முடிந்தது. பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை.

“ஏம்மா, அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணினியே. அம்மா வர வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு.”

துடைத்த பலகையை அவள் மறுபடியும் துடைத்தாள்.

“நீ எப்பவும் பாதியை முழுங்கிட்டுத்தான் சொல்லுவே. நீ கழிச்சது போக மிச்சமே அதுன்னா, அவ வாயிலேர்ந்து முழுசா என்னதான் வந்துச்சு? இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. சொல்லு, தாங்கிக்கிறேன்.”

அன்று அவர் ஏன் வரவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. சாகக் கிடந்தும் அம்மா தன்னைத் திட்டினாள் என்று நினைத்து, இத்தனை நாளும் அதையே மனசுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இவள் வெட்டிச் சொன்னது என்னவோ உண்மை. ஒரு கையில் மருந்துச் சீட்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், நர்ஸ் வேறு விரட்டிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் விஷயத்தை மட்டும் எடுத்துச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அவள் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று, அம்மாவின் வெடுக்கென்ற பேச்சையே பேசினாள்.

“‘லிஃப்ட் வேற ஓடலையாம். அந்த முட்டியை வச்சுக்கிட்டு மூணு மாடி ஏறி வந்து, எங்கேயாவது விழுந்து வைக்கவா? வர வேண்டாம்னு சொல்லு அந்த மனுஷனை. வீட்டுக்கு வந்து நானே அவர்கிட்ட பேசிக்கிறேன்.’ இதுதாம்ப்பா அம்மா சொன்னது.”

அப்பா வெகுநேரம் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“நானே பேசிக்கிறேன்னு? அவளா அப்படிச் சொன்னா?”

பிறகு சிரித்தார். அவள் தலையில் கையை வைத்தார்.

“நீ நல்லா இருக்கணும்மா. இப்பவும் எனக்காக எப்படி மாத்திச் சொல்றே பாரு.”

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உள்ளே நடந்தார்.

“சத்தியமாப்பா,” என்றாள் அவள். அழுகையை அடக்க முடியவில்லை. “அப்படியேதான் சொன்னாங்க.”

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. டிவியைக் குறைக்கப் போகும்போது ஆட்டுவாரே, அதே மாதிரி தலையை மட்டும் ஆட்டினார்.