கீச்சுக் குரலுக்கு ஒரு கெப்பாசிட்டர்

“எல்லார் பேச்சும் கேக்குதும்மா. பேத்தி பேசறதுதான் பிடிபடல” என்று, லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்த பழைய காது மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் அவர் மடியில் ஏறி அரை மணி நேரம் ஏதோ சொல்கிறாளாம். உதடு அசைவதுதான் தெரிகிறது.

அந்தப் பேத்தி கடை மூலையில் மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள்.

காது மெஷின் பழுதுபார்க்கும் இன்ஜினியருக்கு இப்படி ஒன்று வந்தால் பசி தூக்கம் கிடையாது. மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சர்க்யூட்டைத் தாளில் வரைந்தாள்.

பார்க்கச் சிக்கலான நூல்கண்டுதான். ஆனால் கீச்சுக் குரலுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. மின்சாரத்தைத் தேக்கிவிடும் பெரிய கெப்பாசிட்டர்களைத் தாளில் வெறும் கம்பியாக்கினாள். பேட்டரியை எர்த்தோடு சேர்த்தாள்.

டிரான்சிஸ்டரின் இரண்டு கால்களுக்கு நடுவே யாரோ பற்றவைத்திருந்த துக்கடாக் கெப்பாசிட்டர் மட்டும் மிஞ்சியது. மெஷின் சத்தத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறதோ, ஏறக்குறைய அத்தனை மடங்கு பெரிதாக்கி அதைத் தாளில் சத்தம் நுழையும் வாயிலில் உட்கார வைத்தாள்.

கடைசியில் தாளில் இருந்தது ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். அவ்வளவுதான்.

கணக்குப் போட்டதும் திருடன் சிக்கிவிட்டான். சத்தத்தின் கீச்சு ஆயிரம் ஹெர்ட்ஸ் தாண்டினால் மெஷின் படுத்துவிடுகிறது. மெஷின் விசிலடிக்காமல் இருக்க எவனோ செய்த வைத்தியம், குழந்தையின் குரலைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தத் துக்கடாவைப் பிடுங்கிவிட்டு, அதைவிடப் பொடிசாக ஒன்றைப் பற்றவைத்தாள். ஐயாயிரம் ஹெர்ட்ஸ் வரை மீட்டர் முள் அசரவில்லை.

பெரியவர் மாட்டிக்கொண்டார். இன்ஜினியர் பேத்தியை அருகில் அழைத்தாள்.

“தாத்தாகிட்ட தினமும் என்ன கண்ணு சொல்றே?”

“அது ரகசியம். அவருக்குக் கேக்காதுல்ல, அதான் அவர்கிட்ட மட்டும் சொல்றேன்.”

பெரியவரின் கண்கள் சட்டென்று கலங்கின.

பேத்தி அவர் முகத்தையே பார்த்தாள். “தாத்தா, இப்ப கேக்குதா?” குரலில் பயம்.

அவர் அவளைப் பார்க்காமல் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணும் சரியாகலியேம்மா. முன்ன மாதிரியேதான் இருக்கு.”

தொழிலுக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மீட்டரைக் காட்டப் போனவளின் விரல்களை, மேசைக்கு அடியில் லாரி ஓட்டிக் காய்த்த ஒரு கை அழுத்திப் பிடித்தது.

“ஆமாங்கய்யா” என்றாள் அவள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. “இதுக்கு மேல என்னால ஆகாது.”