மஞ்சள் சேறு

ஒழுக்கு எங்கே என்று பார்க்க, கொதித்து நின்ற பழைய ஜீப்பின் அடியில் மெக்கானிக் காசிம் ஓர் அட்டையை விரித்து இன்ஜினை ஓடவிட்டான். இன்ஜின் மறுபடி கொதிக்கத் தொடங்கியும் அட்டை காய்ந்தே கிடந்தது. "ஒரு சொட்டு விழலியே அண்ணாச்சி," என்றவன், இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு ரேடியேட்டர் குழாயைக் கழற்றினான். தண்ணீருக்கு முன்னால் மஞ்சள் சேறு அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

ஜீப்பின் சொந்தக்காரர் வேதமுத்துவுக்கு அது என்னவென்று தெரியும். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடச் சொல்லி மூன்று மாதமாக மனைவி சலேத்து நச்சரித்தாள். அவரோ அடுக்களையில் இருந்த மஞ்சள்தூளை டப்பாவோடு எடுத்துவந்து, ஓட்டையை அடைக்க ரேடியேட்டரில் கொட்டினார். ஒழுக்கு நின்றது. போன மாதம் நெஞ்சுவலி என்று அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனபோது, பாதி வழியில் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. முன்சீட்டிலேயே அவள் உயிர் போயிற்று.

"குண்டூசி ஓட்டைதான். ஒழுகினா ஒழுகட்டும்னு தண்ணி ஊத்தி ஊத்தியே போய்ச் சேர்ந்திருக்கலாம். இது தண்ணி ஓடுற வழியையே அடைச்சிருச்சு," என்றான் காசிம். "யாரு அண்ணாச்சி மஞ்சத்தூள் போட்டது?"

வேதமுத்து அவன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவதான்," என்றார். "நான் சொன்னா எங்க கேட்டா."