துணி மாஸ்க்

மருதனார்மடம் சந்தியில் உள்ள புடவைக்கடைக்குள் கஜந்தினி ஏழு மாத வயிற்றோடு ஏறினாள். கையில், முதல்நாள் அங்கே வாங்கிய துணி மாஸ்க்.

“அண்ணை, உள்பக்கத்தைப் பாருங்கோ. ஆரின்ரையோ லிப்ஸ்டிக்கும் எச்சிலும்! இதைப் போட்டுக்கொண்டுதான் வீடு வரைக்கும் போனனான். நினைக்கச் சத்தி வருது!”

“ஆரும் போட்டுப் பாத்திட்டு வைச்சிருப்பினம், பிள்ளை.”

“சீ! கொரோனா நேரம் வாயிலை வைச்சதைத் திருப்பி வைக்கிறதே? என்ரை வயித்துப் பிள்ளைக்கு ஏதும் வந்தால்? மனிசரே அதுகள்?”

கடைக்காரர் சிவரூபன் மாஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நேற்று நீங்களும் நாலைப் போட்டுப் பாத்து, இறுக்கம் எண்டு கழட்டி வைச்சனீங்களெல்லே?”

“அது... நான் சுத்தமான ஆள்.”

“ஓம். இண்டைக்குக் காலமை வந்த இன்னொரு பிள்ளைத்தாச்சிக்கும் ‘ஆரும் தொடாதது’ எண்டு சொல்லித்தான் அந்த நாலையும் வித்தனான்.”