கட்டாத ஆடு

ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். மாதையனின் வெள்ளாடு மூன்று தடவை சாமைக் கொல்லையில் இறங்கியதற்குக் கொல்லைக்காரன் பஞ்சாட்சரம் போட்ட தெண்டம்.

அந்த நாற்பது எதற்கென்றால், ஆட்டை விரட்டி ஓடியதில் அறுந்த செருப்புக்காம்.

அதை வாங்கத்தான் விடிந்ததும் விடியாததுமாய் வாசலில் வந்து நிற்கிறான். நாலு பிடி சாமை போனதற்கு இந்த முறைப்பு.

மாதையனுக்கு இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும், எதைப் பார்த்தாலும் இளக்காரம்தான். மாதம் ஒருமுறை ஜீப்பில் மலையேறி வரும் டாக்டரம்மா, அவள் கொடுக்கும் மனச்சோர்வு மாத்திரை, எல்லாவற்றையும்விடத் தன்னுடைய கை.

கையா அது? நெல்லிவாசல்நாட்டில் அவனைப்போல் புளி உலுக்க ஆள் கிடையாது. இன்று கஞ்சிக் குண்டானைத் தூக்கினால் கை உதறி முழங்கை வரை வழிகிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பாதிப் பொழுது பாயிலேயே போகிறது.

போன மாசியில் அவனைப் புளியமரத்திலிருந்து இறக்கியது மனைவி சாந்தம்மாளும் அவள் தம்பியும்தான். ஏறும்போது தலைசுற்றல் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊரும் நம்பியது. ஊருக்கென்ன, எதைப் போட்டாலும் தின்னும்.

அன்று பிடித்த மாத்திரை. போகப்போகப் பழகிவிடும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றாள் டாக்டரம்மா. அவளா வந்து மரம் ஏறப்போகிறாள்?

தை பிறந்தால் உலுக்கு. முடிவு செய்துவிட்டான். இன்றைய மாத்திரை அடுப்புக்கு, நாளையதும் அடுப்புக்கு. இன்றையது இன்னும் உள்ளங்கையில்தான் இருந்தது.

"இன்னா மாப்ள, இன்னும் தெளியலியா? மாத்திர போட்டுத் தூங்குறவனுக்கு ஆடு எதுக்கு? கோழி வளத்தா அதுவாச்சும் எழுப்பி வுடும்" என்றான் பஞ்சாட்சரம்.

மாதையனுக்கு ஆத்திரம் மனைவி மேல் திரும்பியது. நான் தூங்குகிறவன், சரி. இவளுக்கு என்ன கேடு? இருப்பது ஒரே ஆடு. கட்ட உடம்பு வணங்கவில்லை. கேட்டால் கயிறு இற்றுப்போச்சு, சந்தைக்குப் போனால் வாங்கணும் என்பாள். எட்டு மாதமாக ஒரு கயிறு வாங்க வக்கில்லாத சோம்பேறி. புடவையைக்கூட வேலிமேல் எறிந்துதான் உலர்த்துகிறாள்.

பஞ்சாட்சரம் தோளில் கிடந்த புதுக் கயிற்றை உருவி வாசலில் வீசினான்.

"இந்தா, இத்தயும் நானே வாங்கியாந்துட்டேன். கட்டிப் போடு."

சாந்தம்மாள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கயிற்றை வாரி எடுத்து அவன் கையிலேயே திணித்தாள்.

"எடுத்துட்டுப் போய்டுண்ணா. இந்த வூட்ல கவுறு வெக்கிறதில்ல."

பஞ்சாட்சரம் சிரிக்க வாய் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பிறகு மெதுவாக மாதையன் பக்கம் திரும்பினான்.

மாதையன் அவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். மரமேறும் வடம் தொங்கிய முளை வெறுமையாக இருந்தது. வடத்தை விற்றுத் தின்றுவிட்டாள் என்றல்லவா இத்தனை நாள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

மாத்திரை வேர்வையில் ஊறிப்போயிருந்தது. வாயில் போட்டான். நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. சாந்தம்மாள் சொம்பை நீட்டினாள். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் மறைத்துக்கொண்ட பஞ்சாட்சரம் வேலியோரம் போய் நின்றான்.

"ரூவா கெடக்கட்டும் மாப்ள. செருப்புக் காசும் வாணாம். ஆடுதான, தின்னுட்டுப் போவுது."